யாரைத் தாண்டி உங்களிடம் வருகிறார்கள்? முப்பது நாள் நோட்டு போடும் விதம்

அப்ரைசல் படிவத்தில் 'உங்கள் பலம் என்ன?' என்று ஒரு கட்டம் இருக்கும். பதினான்கு வருஷம் அதில் ஒரே பதிலைத்தான் எழுதினேன்: கடின உழைப்பு, நேரம் தவறாமை, டீம் வொர்க். ஒரு வருஷம் எங்கள் ஷாப்பில் எட்டுப் படிவங்கள் ஒரே கையெழுத்தில் வந்தன. ஒருத்தர் உட்கார்ந்து எல்லாருக்கும் நிரப்பிக் கொடுத்திருக்கிறார், மற்றவர்கள் கீழே சைன் மட்டும் போட்டிருந்தார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே பலம். மேனேஜர் எட்டையும் அப்படியே ஃபைலில் செருகிவிட்டார்.

நான் சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஒரு மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். 1999இல் இன்ஸ்பெக்‌ஷனில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய வருஷம்தான் பக்கத்தில் பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கிற டெமிங் பரிசு வாங்கியிருந்தது. இந்தியாவிலேயே அந்தப் பரிசை முதலில் வாங்கியது அவர்கள்தான். எஸ்டேட் டீக்கடைகளில்கூட அதே பேச்சு. எங்கள் முதலாளியும் கைசன் (கொஞ்சம் கொஞ்சமாக வேலையைச் சீராக்குவது), ஃபைவ் எஸ் (இடத்தை ஒழுங்காக, சுத்தமாக வைப்பது) என்று சுவர் நிறைய போர்டு மாட்டினார். போர்டுகளைத் துடைக்கிற வேலை புதிதாகச் சேர்ந்தவளுக்கு, அதாவது எனக்கு. இப்போது இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு பேருக்கு நான் இன்சார்ஜ். இடையில் நடந்தவற்றில் உங்களுக்கு உதவக்கூடியது ஒன்றுதான், நம் பலம் எது என்று காட்டிக்கொடுக்கிற ஒரு நோட்டு. அதை எப்படிப் போடுவது, போட்டபின் என்ன செய்வது என்று சொல்கிறேன்.

முதலில், அந்த நோட்டு நல்ல எண்ணத்தில் பிறந்தது இல்லை. 2014இல் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானது. எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன், கிடைக்கவில்லை. "நீங்க மெஷர்மென்ட்ல கெட்டி மேடம். ஆனா ஆளுங்கள மேய்க்கணுமே" என்றார் அப்போதிருந்த மேனேஜர். கோபம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்னிடம் வந்து நிற்கிறார்கள் என்று எழுதிவைத்து அவர் மேஜையில் போடவேண்டும் என்று வீம்பாக ஆரம்பித்தேன். புகார் நோட்டுதான் அது. பதினைந்தாம் நாள்வாக்கில் படித்துப் பார்த்தபோது வேறு ஏதோ தெரிய ஆரம்பித்தது.

நோட்டு போடுவது

நாற்பது பக்க நோட்டு, சட்டைப்பையில் போகிற அளவில். மொபைலில் எழுதலாமே என்று எங்கள் பையன்கள் கேட்பார்கள். மொபைலை எடுத்தால் வாட்ஸ்அப்தான் திறக்கும். எண்ணெய்க் கையோடு டச் ஸ்கிரீனும் வேலை செய்யாது.

யாராவது நீங்கள் கூப்பிடாமல், வந்தே ஆகவேண்டிய கட்டாயமும் இல்லாமல், உங்களைத் தேடி வந்தால் எழுதுங்கள். மேலதிகாரி சொன்ன வேலையை எழுதவேண்டாம். உங்கள் சைன் வேண்டும் என்பதற்காக வந்தவரையும் எழுதவேண்டாம், உங்கள் நாற்காலியில் யார் இருந்தாலும் அவர் வந்திருப்பார். ஒரு வரி போதும்: யார், எதற்கு, கடைசியில் என்ன ஆனது. அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் நமக்குப் பெருமையானது மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

முப்பது வேலை நாள் எழுதுங்கள். ஏன் முப்பது என்றால், ஒரு மாதக் கடைசியாவது உள்ளே வந்தாக வேண்டும். டிஸ்பாட்ச் அவசரத்தில் ஆளாளுக்குக் கத்தும்போது உங்களிடம் வருகிறவர்கள் வேறு, பத்தாம் தேதி சாவகாசமாக வருகிறவர்கள் வேறு. இரண்டும் தெரியவேண்டும்.

என் பழைய நோட்டிலிருந்து சில வரிகள், பேர்களை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்:

செவ்வாய். கிரைண்டிங் தம்பி. இரண்டாம் ஷிப்ட் ஆள் வீலை டிரஸ் பண்ணாமல் (கிரைண்டிங் கல்லைச் சீர்செய்யாமல்) விட்டுப்போகிறார், நீங்கள் சொல்லுங்கள் என்றான். ஷிப்ட் மாறும்போது இரண்டு பேரையும் மெஷின் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசவிட்டேன். சரியாயிற்று.

புதன். ஸ்டோர் அக்கா. பேங்க் ஃபாரம். நிரப்பிக் கொடுத்தேன்.

புதன். டர்னர் அண்ணன். டிராயிங் ஜெராக்ஸில் ஒரு டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) அழிந்திருக்கிறது. பழைய டிராயிங் பார்த்துச் சொன்னேன்.

வியாழன். கரண்ட் இல்லை. யாரும் வரவில்லை.

இவ்வளவுதான். அழகாக எழுத ஆரம்பித்தீர்களென்றால் ஆறாம் நாள் நின்றுவிடும்.

எண்ணிப் பார்ப்பது

முப்பது நாள் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். அறுபத்தொரு வரி. அளவு சம்பந்தமாக, அதாவது நான் கெட்டி என்று எல்லாரும் சொன்ன விஷயத்துக்காக, வந்தவை ஒன்பதே ஒன்பது. ஃபாரம், லீவ் லெட்டர், பி.எஃப். சமாச்சாரம் பதினான்கு. "அவர் சொல்றது எனக்குப் புரியல, நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்ற வகையில் இருபத்து மூன்று. மிச்சம் சில்லறை.

அந்த இருபத்து மூன்றை நான் அதுவரை வேலை என்றே நினைத்தது கிடையாது. நடுவில் வந்து நேரத்தைத் தின்கிற இடைஞ்சல் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அப்போதுதான் புரியும்.

அது கத்திரி வெயில் சமயம். ஐம்பது மில்லிமீட்டர் போர், அதாவது உள்துளை, உள்ள ஒரு ஸ்டீல் பீஸ். டாலரன்ஸ் எச் ஏழு: ஐம்பதுக்குக் கீழே போகக் கூடாது, மேலே இருபத்தைந்து மைக்ரான் வரை போகலாம். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டர்னர் அண்ணன் லேத்திலிருந்து (கடைசல் மெஷின்) இறக்கின சூட்டோடு, துளையை அளக்கிற போர் கேஜ் விட்டுப் பார்ப்பார், எட்டு மைக்ரான் மேலே காட்டும், ஓகே. அதே பீஸ் ஏசி போட்ட இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் ஐம்பதுக்குக் கீழே இருக்கும், ரிஜெக்ட். "என் கண் என்ன குருடா?" என்று அவர் ஒரு பக்கம், "கேஜ் பொய் சொல்லுமா?" என்று இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம். இது மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் அண்ணன் என்னிடம் வந்தார்.

ஸ்டீல் சூட்டில் விரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பத்தாம் கிளாஸ் பாடம்தானே. ஆனால் அண்ணன் ஏசி ரூமுக்குள் வந்ததே கிடையாது, செருப்பைக் கழற்றவேண்டும் என்று ஒரு கூச்சம். இன்ஸ்பெக்டர் தம்பி மதியம் இரண்டு மணிக்கு அந்த லேத் பக்கத்தில் போய் நின்றதில்லை. இரண்டு பேரையும் இடம் மாற்றினேன். தம்பியை லேத் பக்கம் கூட்டிப்போய் இறக்கின பீஸைக் கையில் வாங்கவைத்தேன். நாற்பத்தைந்து டிகிரிப் பக்கம் இருக்கும். அண்ணனை ரூமுக்குள் உட்காரவைத்து அதே பீஸை மேஜையில் வைத்தோம். ரூமில் இருபத்து நாலு டிகிரி. ஆறுகிற வரைக்கும் டீ குடித்தோம். அளவு பன்னிரண்டு மைக்ரான் இறங்கியது. கணக்கும் அதுவேதான்: ஒரு மீட்டர் ஸ்டீல் ஒரு டிகிரிக்குச் சுமார் பதினொன்றரை மைக்ரான் நீளும், ஐம்பது மில்லிமீட்டருக்கு இருபத்தொரு டிகிரி என்று போட்டுப் பாருங்கள். இருபத்தைந்து மைக்ரான் டாலரன்ஸில் கிட்டத்தட்ட பாதியை வெயில் சாப்பிட்டுவிடுகிறது. மதியத்தில் சூட்டோடு அளந்தால் இருபத்து நாலு மைக்ரானை ஒட்டி வைக்கவேண்டும் என்று அண்ணன் அவர் கையாலேயே ஒரு அட்டையில் எழுதி லேத்தில் ஒட்டினார். பீஸ் எல்லாம் இருபது டிகிரியில் அளந்ததாகத்தான் கணக்கு என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். மே மாதச் சென்னையில் அதை நம் கைக்கு ஏற்றமாதிரி மாற்றி எழுதிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

இதில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பேரை ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தரை நிற்கவைத்தேன், அவ்வளவே. அதுதான் எனக்கு வருகிற வேலை என்று நோட்டு சொல்லியது. ஆள் மேய்க்கத் தெரியாது என்று கேள்விப்பட்டவளுக்கு!

இளிச்சவாய் வேலையைக் கழிப்பது

நோட்டைப் பார்த்ததும் ஏமாந்துவிடக் கூடாது. என் கணக்கில் ஃபாரம் நிரப்பியது பதினான்கு. அதுவும் என் பலமா? ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். 'மாட்டேன்' என்று சொல்லமாட்டாள் என்பதற்காகவும் ஜனங்கள் தேடி வருவார்கள். அலுவலகங்களில் இது இன்னும் அதிகம். எக்ஸெல் தெரிந்த பெண் ஒருத்தி இருந்தால் ஃப்ளோர் முழுக்க அவள் தலையில்தான்.

பிரித்துப் பார்க்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: வந்தவர் யாரைத் தாண்டி வந்தார்? ஃபாரம் நிரப்ப வந்தவர்கள் யாரையும் தாண்டவில்லை. கதவுப் பக்கத்தில் என் மேஜை, அவ்வளவுதான். நான் லீவில் இருந்த அன்றைக்கு ஆபீஸ் பையனிடம் போனார்கள், அவனும் நிரப்பிக் கொடுத்தான். ஆனால் தகராறைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் ஃபோர்மேன் கேபினைத் தாண்டி, ஷிப்ட் இன்சார்ஜைத் தாண்டி, ஒரு படி ஏறி என்னிடம் வந்தார்கள். தாண்டி வந்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி எங்கே மொய்க்கிறதோ அங்கே பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்கலாம். அந்த வேலை முடிந்ததும் உடம்பு அசதியாக இருக்கிறதா, இல்லை டீ குடிக்காமலே அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்களா என்பது. ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். பிடித்த வேலை எல்லாம் நன்றாக வருகிற வேலை ஆகிவிடாது. எனக்குப் பாட்டு கூடப் பிடிக்கும்.

மூன்று பேரிடம் கேட்பது

நோட்டுச் சொன்னதை மூன்று பேரிடம் சரிபாருங்கள். "என் பலம் என்ன அண்ணே?" என்று கேட்டால் நம் ஊரில் ஒரே பதில்தான் வரும்: "உங்களுக்கென்ன மேடம், எல்லாம் நல்லாத்தான் பண்றீங்க." முகத்துக்கு நேரே குறையும் சொல்லமாட்டார்கள், நிறையும் சொல்லமாட்டார்கள். அதனால் நடந்ததைக் கேளுங்கள். "கடைசியா நான் உங்களுக்கு எப்போ உபயோகமா இருந்தேன்?" இதற்குப் பதில் சொல்ல ஒரு சம்பவத்தைத்தான் தேடியாக வேண்டும். கேபினுக்குக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள், அப்ரைசலோ என்று பயந்துவிடுவார்கள். டீக்கடையில் நின்றபடி, வடையைப் பிய்க்கிற நேரத்தில் கேளுங்கள்.

டர்னர் அண்ணன் சொன்ன பதில் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. "நீ திட்டும்போது யார் பக்கம் திட்றேன்னு தெரியாது பாப்பா. அதான் வர்றோம்." அவர் என்னை விடப் பதினெட்டு வயது பெரியவர், டிரெய்னி நாளிலிருந்தே பாப்பாதான். வீட்டுக்காரரிடமும் கேட்டேன். அவர் பதிலை இங்கே எழுதவில்லை.

மேலே போய்க் கேட்பது

'எனக்கு வளர்ச்சி வேண்டும் சார்', 'பொறுப்பு கொடுங்க சார்' என்று போய் நிற்காதீர்கள். கேட்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. எண்ணிக்கையோடு, இவ்வளவு நேரம், இவ்வளவு நாள் என்று கேளுங்கள். நான் மேனேஜரிடம் கேட்டது:

"சார், போன முப்பது நாள்ல ஒருத்தருக்கொருத்தர் புரியாம வந்த பஞ்சாயத்து இருபத்து மூணு என்கிட்ட வந்துச்சு. பாதிக்கு மேல ஷிப்ட் மாறும்போது சரியாச் சொல்லாம விட்டது. ஒண்ணே முக்கால்லேருந்து ரெண்டு வரைக்கும் ரெண்டு ஷிப்ட் ஆளுங்களும் மெஷின் பக்கத்துல என்கூட நிக்கட்டும். ரெண்டு மாசம். ரிஜெக்‌ஷன் குறையலேன்னா நானே விட்டுடறேன்."

"இரண்டாம் ஷிப்ட் ஆளுங்க கால் மணி முன்னாடி வரணும், ஓ.டி. கேப்பாங்களே?" என்றார். ஓ.டி. என்றால் கூடுதல் நேரத்துக்கான சம்பளம். கேட்கமாட்டார்கள் என்று அவர்கள் சார்பில் நானே சொல்லிவிட்டேன். அது தப்பு. ஒரு வாரத்தில் முணுமுணுப்பு வந்தது, நியாயமும் அதுதான். அப்புறம் மறுபடி போய், கால் மணி நேரத்தை வாரக் கடைசியில் கூட்டி ஓ.டி.யாகக் கொடுக்கவைத்தேன். உங்கள் பலத்தைக் காட்ட அடுத்தவர் நேரத்தை இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

ரிஜெக்‌ஷன் பீஸ் போடுகிற சிவப்புப் பெட்டி முன்பெல்லாம் இரண்டு நாளில் நிரம்பும். இரண்டாம் மாதம் சனிக்கிழமை வரைக்கும் தாங்கியது. அந்தப் பெட்டியைத்தான் மேனேஜருக்குக் காட்டினேன். அடுத்த வருஷம் இடம் காலியானபோது யாரும் மேய்ப்பதைப் பற்றிப் பேசவில்லை.

முப்பத்தைந்து மார்க்

பலத்தைப் பார், பலவீனத்தை விடு என்று மேடையில் பேசுகிறவர்கள் ஷாப்பில் வேலை செய்ததில்லை போலிருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் மெயில் எழுத வராது. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. இரண்டும் இல்லாமல் இன்சார்ஜாக ஒரு நாளும் ஓடாது. ஆனால் இரண்டிலும் சென்டம் வாங்கவேண்டும் என்று நினைத்திருந்தால் இன்னும் படித்துக்கொண்டேதான் இருப்பேன். பத்தாம் கிளாஸில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், அதே கணக்குதான் இங்கேயும். மெயிலுக்குப் பன்னிரண்டு மாதிரிகள் எழுதி வைத்திருக்கிறேன், தேதியும் பார்ட் நம்பரும் மட்டும் மாறும். ஹிந்தியில் அறுபது எழுபது வார்த்தை: சூடு, குளிர், நிறுத்து, மெதுவாக, அடி பட்டதா, சாப்பிட்டாயா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா. அதற்கு மேல் தேவைப்பட்டால் பாலசோரிலிருந்து வந்த ஒரு பையன் இருக்கிறான், தமிழில் சண்டையே போடுவான்.

சொல்லிக்கொடுப்பது

இன்சார்ஜ் ஆனதும் முதலில் மாட்டுவது இதில்தான். வேலை தெரிந்தவருக்குப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கத் தெரியாது.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில், பட்டறையையே பார்த்திராத புது ஆட்களை அவசரமாகப் பழக்கவேண்டிய கட்டாயம் அமெரிக்காவில் வந்தது. 'டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்று 1940இல் ஒரு திட்டம் தொடங்கி, 1945 வரை நடத்தினார்கள். சூப்பர்வைசர் எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை நாலு படியாக ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவில் வேரூன்றியது. நாலு படி இதுதான்: ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பிறகு போய்ப் போய் விசாரி. கற்றுக்கொள்ளவில்லை என்றால் தப்பு சொல்லிக்கொடுத்தவருடையது என்பதுதான் அந்த அட்டையின் சாராம்சம். முதல் தடவை கேட்டபோது எனக்கு ரோஷமாக இருந்தது.

மூன்றாவது படியில்தான் எல்லாரும் தோற்கிறோம். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனுக்கு, நுட்பமாக அளக்கிற மைக்ரோமீட்டரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். திம்பிளை (சுழலும் உருளையை) திருகாதே, பின்னாலிருக்கிற ராட்செட்டை (அளவுக்கு மேல் இறுக்கவிடாத குமிழை) திருப்பு, மூன்று டிக் கேட்டதும் நிறுத்து. காட்டினேன், தலையாட்டினான். அவன் கையில் கொடுத்ததும் திம்பிளையே பிடித்து இறுக்கினான். என் கை தானாக நீண்டு அதைப் பிடுங்கிவிட்டது. மறுபடி காட்டினேன், மறுபடி அவன் இறுக்க, நான் பிடுங்க. நாலாவது தடவை ஸ்டோர் அக்கா பின்னாலிருந்து சொன்னாள்: "கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கோ மேடம்." கட்டிக்கொண்டேன். அவன் இறுக்கினான், அளவு தப்பாக வந்தது. என்னைப் பார்த்தான். நான் பேசவில்லை, வாயையும் கட்டிக்கொள்வது கையைவிடக் கஷ்டம். சரியான அளவு தெரிந்த மாஸ்டர் பீஸை எடுத்து மறுபடி அளந்தான், மறுபடி தப்பு. கொஞ்ச நேரம் மைக்ரோமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விரலைப் பின்னால் நகர்த்தி ராட்செட்டைப் பிடித்தான். டிக், டிக், டிக். அவனே சிரித்தான். முழுசாக ஏழு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஏழு நிமிஷம்தான் யாருக்கும் கொடுக்க மனசு வருவதில்லை.

வயதில் பெரியவர்களுக்கு மேலே வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நான் இன்சார்ஜ் ஆன முதல் நாளும் டர்னர் அண்ணனை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். எல்லார் எதிரிலும் அவர் 'பாப்பா' என்றபோது ஒரு பையன் சிரித்தான். நான் கண்டுகொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்து அவராகவே ஷாப்பில் 'மேடம்', டீக்கடையில் 'பாப்பா' என்று பிரித்துக்கொண்டார். கூப்பிடுகிற பேருக்காகச் சண்டை போட்டிருந்தால் பேர் கிடைத்திருக்கும், ஆள் போயிருப்பார். தப்பைச் சொல்வது மட்டும் தனியாக, மெஷின் ஓடாத நேரத்தில். சத்தத்தில் கத்திச் சொன்னால் எதைச் சொன்னாலும் திட்டு மாதிரித்தான் கேட்கும்.

மற்றவர்களுக்கும் ஒரு பக்கம்

நோட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கு எழுதுகிறேன். ஆளுக்கு ஒரு பக்கம். அவரிடம் யார் எதற்குப் போகிறார்கள் என்று கண்ணில் பட்டதை மட்டும். இது உளவு மாதிரி ஆகிவிடக் கூடாது, அதனால் லீவ், லேட் எதையும் அதில் எழுதுவதில்லை. யார் கேட்டாலும் அவர் பக்கத்தைக் காட்டுவேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எஸ்டேட் முழுக்கத் தண்ணீர் நின்றது. நாங்கள் உள்ளே போனபோது சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. கூலன்ட், எண்ணெய், சாக்கடை எல்லாம் கலந்த வாடை. முதலாளி கேட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை, ஆனால் அந்தப் பக்கங்கள் ஓரளவு மனப்பாடம். எதையும் மறக்காதவள் என்று எல்லாரும் தேடிப்போகிற ஸ்டோர் அக்காவிடம் பேப்பரைக் கொடுத்து, எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்ன இருந்தது என்று எழுதச் சொன்னேன். எந்தக் கேஜ் தண்ணீருக்கு மேலே தப்பியிருக்கும் என்று பார்க்காமலே பாதியைச் சொன்னாள். கிரைண்டிங் தம்பிக்குப் பொறுமை அதிகம். கேஜ்களை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவும் வேலை அவனுக்கு. எலக்ட்ரீஷியன் மெகர் (கரண்ட் கசிகிறதா என்று இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு மோட்டாரையும் பார்க்காமல் யாரும் மெயினில் கை வைக்கக் கூடாது. அதற்குக் காவலாக, யார் பேச்சுக்கும் அசையாத ஒரு ஆளை ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் நிறுத்தினேன். முதலாளியின் மச்சான் வந்து "ஒரே ஒரு லைட்டப் போடுப்பா" என்றபோதும் அவர் அசையவில்லை. நோட்டில் அவர் பக்கத்தில் அதற்கு முன் எழுதியிருந்தது ஒரே வரி: 'யாரும் இவரிடம் சலுகை கேட்டுப் போவதில்லை.' குறை என்று நினைத்துத்தான் எழுதியிருந்தேன்.

நோட்டு காலியாக இருந்தால்

இதைத்தான் நிறைய பேர் கேட்கிறார்கள். பக்கத்து ஷெட்டில் பிளானிங் பார்க்கிற தம்பி ஒருத்தர் நான் சொல்லி நோட்டு போட்டார். பன்னிரண்டு நாள் ஆகியும் இரண்டே வரி. அதில் ஒன்று வாட்டர் கேன் போடுகிறவர். "எனக்கு ஒரு பலமும் இல்ல போல மேடம்" என்று முகம் செத்து வந்தார்.

அவர் இடத்தைப் போய்ப் பார்த்தேன். மாடியில் கண்ணாடி ரூம், ஏசி, கதவு தானாக மூடிக்கொள்ளும். கீழே இருந்து ஒருத்தர் வரவேண்டுமென்றால் க்ரீஸ் பூட்ஸோடு படி ஏறி, கதவைத் தள்ளி, வெள்ளை டைல்ஸில் நிற்கவேண்டும். யார் வருவார்கள்? தினமும் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை கீழே டூல் கிரிப் (கருவிகள் வாங்குகிற இடம்) பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன். முதல் மூன்று நாள் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள், வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து. நாலாம் நாள் ஒரு மில்லிங் ஆபரேட்டர் வந்து, "சார், நாளைக்கு எந்த ஜாப் முதல்லன்னு இன்னிக்கே சொன்னா ஃபிக்ஸ்சர் மாட்டி வச்சிட்டுப் போவேன்" என்றாராம்.

அவர் நோட்டில் இப்போது பத்தொன்பது வரி. பாதிக்கு மேல் 'நாளைக்கு என்ன?' என்ற கேள்விதான். கரும்பலகை ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார். அங்கே ஃபேன் இல்லை என்று மட்டும் புலம்புகிறார். அதற்கு மெயின்டனன்ஸில் யாரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.